முதலாளி கேட்டால் தலை ஆடும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் ஜெசிந்தா. அந்த ஒரு மணி நேரம் மெஷின் ஓடாததில் முதலாளி நாச்சிமுத்துவுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"நேத்து வந்த புதுசுங்ககூட நான் என்ன சொன்னாலும் அழகாத் தலையாட்டுது. அப்புறம் வகுப்பு எதுக்கு? இந்த டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா உனக்கு வேலையில்லை."

"புதுசுங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேனுங்க முதலாளி."

"கேளு, கேளு."

ஜெசிந்தா புதிதாக வந்த பெண்கள் முன்னால் போய் நின்று, சிரித்த முகமாக, "ஏனுங்க, நம்ம முதலாளி சுத்த முட்டாள்தானுங்களே?" என்றாள்.

அத்தனை தலைகளும் உற்சாகமாக ஆடின. ஒருத்தி இரண்டு தடவை ஆட்டினாள்.

முதலாளிக்கு டீ புரையேறியது. "என்ன திமிரு! எல்லாரையும் ஊருக்கு அனுப்பு!"

"புரிஞ்சு ஆட்டியிருந்தா அனுப்பிடலாமுங்க. புரியாம ஆட்டியிருந்தா வகுப்பு வேணுமுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நாச்சிமுத்துவின் முகம் திடீரென்று வெளிறியது.

"அட, காலையில ஏற்றுமதிச் சட்டைக்குக் கழுத்து எப்படித் தைக்கணும்னு சொன்னேனே... அதுக்கும் இப்படித்தான் ஆட்டினாங்க!"

"வகுப்பை ரெண்டு மணி நேரமாக்கு!" என்று கத்திக்கொண்டே, காலையிலிருந்து தைத்து அடுக்கிய சட்டைப் பெட்டிகளைப் பிரிக்க ஓடினார் முதலாளி.