வேலவனுக்குக் காய்ச்சல் கண்ட நாள்

வேலங்குறிச்சி முருகன் கோயிலில் சுவாமியின் ஆடைகளைத் துவைக்கும் தொண்டு செம்பாயி அம்மையாருடையது. பிள்ளைப்பேறு இல்லாதவர். துணிகளை உலர்த்திவிட்டு, எந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டு போவார். போர்த்தியிருக்கும் கம்பளியை நீக்குவார். வெதுவெதுப்பான நீரில் பழந்துணியை நனைத்து, "குமரா, குமரா" என்று நெற்றி, கழுத்து, அக்குள் எல்லாம் துடைப்பார். இடையிடையே கஞ்சித் தண்ணீரைச் சிறுகச் சிறுகப் புகட்டுவார்.

இதைக் கண்டு வயிறெரிந்தவர் கோயில் வைத்தியர் மாசிலாமணியார். ஏழு தலைமுறைச் சுவடிகள் அவர் வீட்டில் இருந்தன. ஆனாலும் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் தாய்மார் அவர் வாசலைத் தாண்டிச் செம்பாயியின் குடிசைக்கு ஓடினார்கள். தம் கஷாயத்தில் குணமான பிள்ளைக்கும் செம்பாயியின் கைராசி என்று ஊர் சொன்னபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் மருந்து அரைத்தவருக்குத் தம் வயிற்றெரிச்சலுக்கு ஒரு சூரணம் கிடைக்கவில்லை, பாவம்!

"நோய்ப்பிள்ளையைத் தொட்ட கை சாமி துணியைத் தொடலாமா?" என்று கோயிலாரிடம் மூட்டிவிட்டார். தொண்டு பறிபோனது. அம்மையார் யாரையும் நொந்துகொள்ளவில்லை. "காய்ச்சல்ல கெடக்குற பிள்ளையெல்லாம் அவன்தானே? அங்கே தொட்டுக்கிறேன்" என்றார்.

மூன்றாம் நாள் உச்சிக்காலத்தில் திருமேனியைத் தொட்ட குருக்கள் கையை உதறினார். கல் அனலாகச் சுட்டது. வைத்தியரை அழைத்தார்கள். தமக்கும் ஒரு காலம் வந்தது என்று பூரித்து, சுனையின் குளிர்நீரைக் குடம் குடமாக ஊற்றச் செய்தார். சிலை கிடுகிடுவென நடுங்கியது. சூடு இன்னும் ஏறியது. கருவறையிலிருந்து ஒரு மழலைக்குரல் விம்மியது: "குளுருது... செம்பாயி அம்மா எங்கே?"

தம்மைக் கேட்கவில்லையே என்று வைத்தியரின் நெஞ்சு எரிந்தது. ஆனால் அழுவது பிள்ளையல்லவா? குடிசைக்கு ஓடினார்.

"தாயே, பொறாமையில கெடுத்துட்டேன். பிள்ளை நடுங்குறான், வாங்க!"

"பச்சைத்தண்ணியையா ஊத்துனீங்க?" என்று கேட்டபடியே அம்மையார் எழுந்தார்.

குருக்கள் வழிவிட, அவர் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்கக் கல் குளிர்ந்தது. வைத்தியர் நீரின் சூட்டைப் பார்த்துப் பார்த்துப் பாத்திரத்தை ஏந்தி நின்றார். "அம்மா, மடியில வெச்சுக்கோ" என்றது குரல். அம்மையாரின் மடியில் ஒரு பாலகன் தலைசாய்த்து உறங்குவதை அங்கிருந்தோர் எல்லாரும் கண்டார்கள்.

மாசிலாமணியாரின் பொறாமை அதன் பிறகும் தீரவில்லை. "அந்த மடி எனக்கு இல்லாமப் போச்சே" என்று சாகும்வரை அழுதாராம். நமக்கும் அந்தப் பொறாமை உண்டு. முருகனையே பிள்ளையாகப் பெற்ற செம்பாயி அம்மையாரின் ஈரக்கைகளை வணங்குவோம்.