பிலோமி சைக்கிளுக்குப் புது ஃபோர்க்கு

உப்பளத்து ஓரமா ஒரு ஊரு கண்ணு. அந்த ஊர்ல பிலோமின்னு ஒருத்தி. உப்பு வாருற சனங்களுக்குக் குடிதண்ணி கொண்டு போறது அவதான். பாத்திக்கு நடுவுல ஒத்தையடி வரப்பு, சைக்கிள் மட்டுந்தான் போகும். நெட்டையா ஒரு பழைய சைக்கிள் வச்சிருந்தா. ம் சொல்லு... ஆங்.

ஒரு நாள் காலையில போறா, ‘டக்’னு ஒரு சத்தம். குடமெல்லாம் டம டமன்னு உருண்டுச்சு. என்னன்னு பாத்தா, முன் சக்கரத்த ரெண்டு காலால கவ்விக்கிட்டு நிக்கும்ல ஃபோர்க்கு, அது உப்புக்காத்துல துருப்பிடிச்சு முறிஞ்சு கெடக்கு.

அப்புறம் என்ன செய்வா? அன்னிக்குத் தலையில ஒரு குடந்தான் போச்சு. ஆளுக்கு ரெண்டு மடக்குதான் கெடச்சுது. உப்பு வாருற காளியம்மா வெயில்ல மயங்கி விழுந்துட்டா. பிலோமிக்கு மனசே ஆறல.

நேரா சைக்கிள் கடை மிக்கேலுகிட்ட போனா.

“யக்கா, இது அந்தக் காலத்து வண்டி. இதுக்கு ஃபோர்க்கு எங்க போயித் தேட? எடைக்குப் போட்ருங்க.”

“ஃபிரேமு கல்லு மாதிரி இருக்கு தம்பி. ஃபோர்க்க மட்டும் மாத்துவோம். நீ எடு.”

அப்போ மிக்கேலு கடையில இருந்த புது ஃபோர்க்க எடுத்தான். அதோட தண்டு ஃபிரேமு கழுத்து வழியா ஏறி மேல வரணும், அங்க நட்டப் போட்டு இறுக்கணும். ஏத்துனா, தண்டு குட்டை. மேலயே வரல. நட்டு எதைப் பிடிக்கும்?

அப்புறம் இன்னொண்ணு எடுத்தான். அது தண்டு தடிமன். கழுத்துக்குள்ள நுழையல. மிக்கேலு சுத்தியல எடுத்து ணங் ணங்னு ரெண்டு போட்டான்.

“அடிக்காத. கழுத்து பொளந்துரும்,” அப்படின்னா பிலோமி.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் அவளே பழைய இரும்புக் கடைக்குப் போயி, குவியலுக்குள்ள கைய விட்டுக் கிண்டி மூணாவதா ஒண்ணு கொண்டாந்தா. சர்ர்ருன்னு உள்ள போச்சு. ஆனா தண்டு நீளம். மூடி மாதிரி இருக்குற நட்டு தண்டு நுனியில முட்டி நின்னுருச்சு, கழுத்துல உக்காரல. ஹேண்டில்பாரு லொட லொடன்னு ஆடுது.

“மேல அறுக்கணும். கூட அறுத்துட்டா இதுவும் போச்சுக்கா,” அப்படின்னு மிக்கேலு ரம்பத்தக் கீழ வச்சுட்டான்.

பிலோமி ரம்பத்த எடுத்தா. “கொஞ்சமா அறுப்போம். பத்தலைன்னா இன்னும் அறுத்துக்கலாம்.”

கர்ரக் கர்ரக். போட்டுப் பாத்தா. இன்னும் ஆடுது. திரும்பக் கர்ரக் கர்ரக், போட்டுப் பாத்தா. நட்டு இன்னும் கீழ எறங்க, மிக்கேலு தண்டு மரையையும் அடியில கொஞ்சம் நீட்டி வெட்டிக் குடுத்தான். கிரீஸத் தடவி, கழுத்து சுளுவாத் திரும்ப குண்டு குண்டா இரும்பு பால்ஸ அதுல ஒட்ட வச்சு, ஃபோர்க்க மாட்டி, நட்டத் திருகுனா. கிண்ணுன்னு உக்காந்துச்சு கண்ணு.

மறுநாள் வெயில் ஏறுறதுக்கு முன்ன கெளம்பிட்டா. பின்னாடி நாலு குடம் தளக் புளக்னு ஆடுது, முன் சக்கரம் மட்டும் கோடு போட்ட மாதிரி வரப்புல போகுது. தூரத்துல காளியம்மா எந்திரிச்சு நின்னு பாக்குறா. பிலோமி ஒரு கைய எடுத்து அசைச்சா. சைக்கிளு இம்மிகூட ஆடல.

அன்னிக்கு எல்லாரும் வயிறு முட்டக் குடிச்சாங்க. அவங்க தாகமும் தீந்துச்சு, நம்ம கதையும் தீந்துச்சு. கண்ண மூடிக்கோ.