மூங்கில் கட்டிய தெருக்கள்

"தெருவுக்கும் ஒரு தராதரம்..." என்று ஏதோ, செத்துப்போன பெரிய மிராசு சொன்னாராம். அந்த அரைகுறைப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, மகன் சங்கரலிங்கம் கட்டம் கட்டமாக இருந்த ஊரில் பாதித் தெருக்களை மூங்கிலால் மறித்தார். அவருக்குப் பல்லக்குத் தூக்கும் மாசானத்தின் சாதி ஆட்கள் அங்கே கால் வைக்கக்கூடாதாம்.

சங்கரலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். கோயிலில் பூசித்த தாலியோடு மண்டபத்துக்குப் போக அவர் பல்லக்கில் ஏறினார். தன் ஆட்களோடு அதைச் சுமந்த மாசானம் ஒவ்வொரு மூங்கிலிலும் திரும்பி, ஊரையே சுற்றினான்.

"முகூர்த்தம் தப்பிடும்டா! குறுக்கே போ!"

"எசமான், எங்க காலுக்கு இதுதான் குறுக்குவழி. உங்க காலுக்குத் தடையில்லை. இறங்கி நடங்க."

"மிராசு நடக்கிறதா? ஊர் சிரிக்கும்! இன்னிக்கு ஒருநாள் தாண்டிப் போ."

"உங்களைத் தூக்கினா தீட்டில்லை, சும்மா நடந்தா தீட்டா? மூங்கில் இருக்கிறவரை சுத்துவழிதான்."

மண்டபத்தில் மேளம் தொடங்கியது. தெருக்களை மறித்த அத்தனை மூங்கிலையும் வெட்டி எறியச் சொன்னார் சங்கரலிங்கம்.