மூன்றாவது பட்டன்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. எழுத்துப் பலகையருகே நின்ற டாக்டர், "பெரிய எழுத்துகூடத் தெரியலையா உனக்கு?" என்று பட்டன் தைக்கும் பூவாத்தாளை அதட்டினார்.

வரிசையே அவளைப் பார்த்தது. கூசிப்போய் நின்றாள். 'பார்வை மோசம்' என்று சீட்டில் எழுதிவிட்டால் வேலை போய்விடும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா உங்க சட்டையில மூணாவது பட்டன் மட்டும் கறுப்பு நூல்ல தச்சிருக்குதுங்க," என்றாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். பட்டனைக் கையால் மறைத்துக்கொண்டார். பிறகு படங்கள் போட்ட அட்டையை மாட்டி, "இதைப் பாருங்கம்மா," என்றார். கடைசியில் இடது கண்ணுக்கு மட்டும் குறைந்த பவரில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

படிக்கத் தெரியாததை எல்லோர் முன்னாலும் சொல்லும்படி ஆயிற்றே என்று பூவாத்தாள் தலைநிமிராமல் திரும்பினாள்.

அடுத்து நின்றவள் அவள் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கும் அந்தப் பட அட்டையவே மாட்டச் சொல்லுங்க."