சேந்தன் கீழே போடாத கை

மீனும் நண்டும் பறவையும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அதன் சேற்றுத் திட்டில் சேந்தன் என்ற நண்டு, தன் மனைவி உமரியோடு வளை தோண்டிக் குடியிருந்தான். அப்போதெல்லாம் சேற்று நண்டுகளுக்கு இரண்டு கைகளும் ஒரே அளவுதான். சின்னஞ்சிறு கொடுக்குகள். இரண்டாலும் மாறி மாறிச் சேற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் காலம் தள்ளினார்கள்.

காட்டுக்குத் தலைவர் கூழைக்கடா என்ற பெரிய பறவை. அவரைத் தேர்ந்தெடுத்த நாளில் சேந்தனுக்கும் சந்தோஷம்தான். ஓட்டுக் கேட்டு வந்தபோது அவர் முழங்கால் சேற்றில் நின்று, "உங்கள் வளைதான் என் வீடு" என்றார். வென்ற பிறகு உயரமான மரத்தில் போய் உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. நல்ல ஈரச் சேறு இருந்த மேற்குக் கரையை அவரும் அவருடைய பறவைச் சபையும் பறவைகள் இளைப்பாற ஒதுக்கினார்கள். சேந்தன் பொறுத்துக்கொண்டான். நல்ல வெயிலில் மட்டும்தான் நண்டுகள் வெளியே வரலாம் என்றார்கள். அதையும் பொறுத்துக்கொண்டான். "அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது" என்று உமரியிடம் சொல்வான்.

பிறகு ஆற்றில் நீர் குறைந்திருந்த ஒரு நாள், சபை அனுப்பிய எருமைகள் வந்தன. முகத்துவாரத்தில் மணலைத் தள்ளித் தள்ளி, கடல் நீர் காட்டுக்குள் வரும் வாயை அடைத்துவிட்டுப் போயின. உள்ளே இருக்கும் மீன்கள் கடலுக்கு ஓடிவிடாமல் காக்கும் திட்டம் என்று நீர்க்காகம் மரம் மரமாகப் பறந்து அறிவித்தது. அதுதான் சபையின் காரியதரிசி.

அன்று மாலை கடல் நீர் ஏறி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஓரத்துச் சேறு வெடிக்கத் தொடங்கியது.

உமரியின் வயிற்று மடிப்பில் சினை இருந்தது. பௌர்ணமியன்று கடல் பொங்கி உள்ளே வரும்போது அந்த நீரில் முட்டைகளை உதறிவிட வேண்டும். குஞ்சுகள் கடலுக்குப் போனால்தான் பிழைக்கும். பௌர்ணமிக்கு இன்னும் ஆறே நாள்.

"என்னங்க, வளைக்கு அடியிலயும் தண்ணி எறங்கிருச்சு" என்றாள் உமரி. "ரெண்டு கையாலயும் ஈரத்த வழிச்சு வழிச்சு முட்டைக்குப் பூசுறேன். எத்தனை நாளைக்கு இப்படி ஓடும்?"

"சபையில போய்ச் சொல்லிட்டு வரேன். நம்ம கஷ்டம் அவங்களுக்குத் தெரியாம இருக்கும். தெரிஞ்சா தெறந்து விட்டுருவாங்க."

சபை பெரிய கண்டல் மரத்தில் கூடியிருந்தது. வேர்களுக்கு நடுவே புகுந்து வந்த சேந்தனை நீர்க்காகம் மறித்தது.

"பேச வேண்டுமா? கையைத் தூக்கு. தலைவர் பார்த்துக் கூப்பிடுவார்."

"எப்பங்க கூப்பிடுவாரு?"

"உன் முறை வரும்போது. கையைக் கீழே போட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். பெயரை அடித்துவிடுவேன்."

சேந்தன் வலது கையைத் தூக்கினான்.

தலைவர் உச்சி வெயில்வரை திட்டத்தின் நன்மைகளைப் பேசினார். பேசி முடித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கிளைகளைப் பார்த்துக் கேட்டார். கிளைகளில் யாருக்கும் இல்லை. சேந்தன் கால் நுனியில் எழும்பி, "ஐயா! ஐயா!" என்று கத்தினான். அதற்குள் சிறகு தட்டும் ஓசையில் அவன் குரல் போன இடம் தெரியவில்லை.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார் தலைவர்.

"நாளைக்கு வா" என்றது நீர்க்காகம். "கை அப்படியே இருக்கட்டும்."

தூக்கிய கையோடு வீட்டுக்கு வந்தான். ஒற்றைக் கையால் அள்ளித் தின்றதில் பாதி வயிறுதான் நிறைந்தது. தூக்கத்தில் கை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் போனான். அதற்கு மறுநாளும் போனான். கை வீங்கத் தொடங்கியது. கனம் தாங்காமல் அது மெல்லச் சரியும். உடனே திடுக்கிட்டு வெடுக்கென்று தூக்கிக்கொள்வான். நீர்க்காகம் பார்த்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பான்.

ஐந்தாம் நாள் கை அவன் உடம்பளவுக்குப் பெருத்திருந்தது. அன்றுதான் தலைவரின் பார்வை அவன்மேல் விழுந்தது. சேந்தன் கையை இன்னும் உயர்த்தினான். மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் நாக்கு நுனிக்குக் கொண்டு வந்தான்.

தலைவர் தன் பெரிய சிறகை விரித்து அவனைப் பார்த்து அசைத்தார்.

"பாருங்கள்! சேற்று மக்கள் நம்மை வாழ்த்திக் கையசைக்கிறார்கள். இந்தத் திட்டம் அவர்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது!"

சபை முழுக்கச் சிறகு தட்டியது. சேந்தன் வாயைத் திறந்தான். அதற்குள் சபை கலைந்துவிட்டது.

வழியில், பக்கத்துக் குட்டையில் இருக்கும் உளுவை மீன் கேட்டது: "என்னப்பா, பேசுனியா?"

"வாழ்த்துனேனாம்" என்றான் சேந்தன்.

பௌர்ணமியன்று உமரியின் முட்டைகள் கறுத்துவிட்டன. உள்ளே பொட்டுப் பொட்டாகக் கண்கள் தெரிந்தன.

"இன்னிக்கு விடணுங்க" என்றாள். "நாளைக்கின்னா இதெல்லாம் எம்மேலயே ஒட்டிக் காஞ்சிரும்."

சேந்தன் வெளியே வந்து, தூக்கிய கையோடு கிழக்கே நடந்தான்.

"சபை அந்தப் பக்கம்ல இருக்கு?" என்றது ஒரு நண்டு.

"நான் சபைக்குப் போகல. மணலத் தோண்டப் போறேன்."

ஒவ்வொரு வளையிலும் சினை சுமந்த ஒருத்தி இருந்தாள். ஆண் நண்டுகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஆனால் மேலே பறவைகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஆளுக்கொரு கையத் தூக்கிக்கிட்டு வாங்க" என்றான் சேந்தன். "வாழ்த்துறோம்னு நெனச்சு விட்டுருவாங்க."

வலதோ இடதோ, வாய்த்த கையைத் தூக்கிக்கொண்டு திட்டே நகர்ந்தது. எந்த நேரம் எந்த அலகு இறங்குமோ என்று ஒவ்வொருவரும் மேலே பார்த்தபடியே நடந்தார்கள். ஒரு பறவையும் இறங்கவில்லை. மரத்து உச்சியில் தலைவர் பூரித்துப்போய்த் திரும்பத் திரும்பச் சிறகை அசைத்துக்கொண்டிருந்தார்.

முகத்துவாரத்து மணலில் அவர்கள் மற்றக் கையாலும் கால்களாலும் தோண்டினார்கள். வளைக்கு மேல் வளை, வளைக்குள் வளை. பொழுது சாய்ந்தது. நிலா எழும்பியபோது கடல் வந்து மணலில் முட்டியது. ஒரு வளையில் நீர் கசிந்தது. பிறகு பத்து வளையில் பீறிட்டது. மணல் மேடு ஓசையில்லாமல் உட்கார்ந்துபோனது. நீர் உள்ளே பாய்ந்த வேகத்தில் தோண்டிய சிலரை அடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை.

உமரி நீரில் இறங்கி உடம்பை உதறினாள். ஒரு கரும்புகைபோலக் குஞ்சுகள் பிரிந்து கடலை நோக்கிப் போயின.

காலையில் நீர்க்காகம் பறந்து வந்து அறிவித்தது: "மக்களின் வாழ்த்தை ஏற்றுத் தலைவரே முகத்துவாரத்தைத் திறந்துவிட்டார். எருமைகள் திரும்ப வந்ததும் திட்டம் தொடரும்."

சேந்தன் வளை வாசலில் நின்றிருந்தான்.

"இனியாச்சும் அந்தக் கையக் கீழ போடுங்க" என்றாள் உமரி.

"நான் இன்னும் பேசவே இல்லியே உமரி. கீழ போட்டா பேர அடிச்சுருவாங்க. அடுத்த பௌர்ணமிக்கு அடைச்சுட்டா என்ன பண்றது?"

அதைக் கேட்ட மற்ற நண்டுகளும் தங்கள் கைகளைக் கீழே போடவில்லை.

அப்படித் தூக்கியே பெருத்துப்போனதுதான் ஆண் சேற்று நண்டின் அந்த ஒற்றைக் கை. முட்டைக்கு ஈரம் பூசிய பெண் நண்டுகளுக்கு மட்டும் இரண்டு கைகளும் சிறுத்தே நின்றுவிட்டன. இன்றைக்கும் நீர் வடிந்த சேற்றுத் திட்டில், ஒவ்வோர் ஆண் நண்டும் வளை வாசலில் நின்று ஒரு கையைத் தூக்குகிறது. கனத்தில் அது சரிய, திடுக்கிட்டு மறுபடியும் தூக்குகிறது. பார்க்கிறவர்கள் நம்மைக் கூப்பிடுகிறது என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். அதன் முறை இன்னும் வந்தபாடில்லை.