மடத்துப் பிரிண்டரும் தில்லைநாயகமும்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் தில்லைநாயகம். பிரிண்டர் அப்புறம்தான்.

மடத்து அலுவலகத்தில் பிரிண்டர் என் பொறுப்பு. நான் திருச்செந்தூர் போயிருந்த அன்று ஓர் ஆள் வந்து வைஃபையை மாற்றிவிட்டுப் போனான். பக்கத்தில் இருந்தவன் தில்லைநாயகம். புதுப் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பிரிண்டருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அதன் நீல விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒரு தாள்கூட வெளியே வரவில்லை.

குருபூசை அழைப்பிதழ் தபாலில் போயாக வேண்டிய நாளும் வந்துவிட்டது. என் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு சாமி முன்னால் போய் நின்றேன். சாமி என்னைவிட இளையவர். ஆனாலும் குரு.

“அவனை அனுப்புங்க சாமி. இல்லைன்னா நான் கிளம்புறேன்.”

“பை எதுக்குன்னு பார்த்தேன். என்ன செஞ்சார்?”

“பாஸ்வேர்டு கேட்டேன். சொல்லலை.”

“என்ன சொல்லி மறுத்தார்?”

“‘என் வாயால சொல்லக் கூடாது அண்ணாச்சி’ன்னான். என்கிட்ட சொல்லக் கூடாதாம். அவனுக்கு முன்னாலயே இந்த மடத்துக்கு வந்தவன் நான்.”

“அப்புறம்?”

“‘தள்ளுங்க, நானே போட்டுத் தர்றேன்’னான். என் பிரிண்டர்ல அவன் கை எதுக்கு?”

“அப்புறம்?”

“இன்னும் என்னமோ சொல்ல வந்தான். நான் நிக்கலை. அதோட பேச்சு கிடையாது.”

“நீங்களா எதுவும் போட்டுப் பார்க்கலையா?”

“பார்க்காம இருப்பேனா? பழையதைப் போட்டேன். மடத்துப் பேரைப் போட்டேன். முருகன் பேர் எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் போட்டேன். அந்தச் சின்னத் திரையில ஒவ்வொரு எழுத்துக்கா பொத்தானை அமுக்கி அமுக்கி விரலே வீங்கிப் போச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம் தப்புன்னு காட்டுது. அதை முதல்லயே காட்டினா என்ன?”

சாமியின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். எனக்கு இன்னும் எரிந்தது.

“வாங்க” என்று எழுந்தார்.

அலுவலகத்தில் தில்லைநாயகம் உறைகளில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமி பிரிண்டர் முன் உட்கார்ந்தார். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.

நான் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். பாதியிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சாமியின் பெயர்.

குருவின் பெயரைச் சீடன் வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் மடத்தில் கிடையாது. எத்தனை வயதானவனும் ‘சாமி’ என்றுதான் சொல்வான். வைஃபை மாட்ட வந்த ஆளுக்கு அது எப்படித் தெரியும்? மரியாதை என்று நினைத்து அந்தப் பெயரையே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. அழைப்பிதழ்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரன் மாசானம் புதுப் போனோடு உள்ளே வந்தான்.

“அண்ணாச்சி, வைஃபை பாஸ்வேர்டு என்ன?”

சாமி என்னைப் பார்த்தார். “இப்ப உங்களுக்குத் தெரியுமே. சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். மூடினேன்.

“போனைக் கொடுப்பா. நானே போட்டுத் தர்றேன்.”

“என் போன் உங்களுக்கு எதுக்கு? தெரிஞ்சா சொல்லுங்க. இல்ல, கரண்டி பிடிக்கிறவனுக்கெல்லாம் சொல்ல மாட்டீங்களோ?”

“அதில்லைடா, அது வந்து…”

அவன் போய்விட்டான். சமையல்கட்டில் ஏதோ ஒரு பாத்திரம் ஓங்கி விழுந்தது.

தில்லைநாயகம் ஓர் உறையால் முகத்தை மறைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

“யாரை அனுப்பணும்னீங்க?” என்றார் சாமி.

“யாரும் போக வேண்டாம் சாமி. ஆனா இத்தனை நாள் என்னைத் தவிக்க விட்டதுக்கு அவன் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கணும்.”

“மாசானத்துகிட்ட நீங்க எப்பக் கேட்பீங்க?”

“நான் எதுக்கு சாமி கேட்கணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

சாமி ஓர் அழைப்பிதழை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

தில்லைநாயகம் இன்றுவரை கேட்கவில்லை.