ஜிலேபிக்குப் பிறகு டீ

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பூங்கோதைதான் குரு. மாணவர் மரியதாஸுக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல். அதனால் குருவே மாணவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

ஸ்டெம் செல்களைப் பக்குவமாக வளர்த்துக் கணையச் செல்களாக மாற்றுவது மரியதாஸின் வேலை. சர்க்கரையைக் கண்டால் அவை இன்சுலின் சுரக்க வேண்டும். வீட்டில் அவருடைய மகள் ஜெனிட்டாவுக்குத் தினமும் இன்சுலின் ஊசிதான்.

அன்று செல் தட்டோடு வந்து நின்றார்.

"இதுங்க உதவாது மேடம். சர்க்கரை கொடுத்தும் இன்சுலின் ஏறவே இல்ல. கொட்டிடறேன். நானும் பழைய ஸ்கூலுக்கே பாடம் நடத்தப் போயிடறேன்."

"சோதனைக்கு முன்னாடி சர்க்கரையைக் குறைச்சு வெச்சீங்களா?"

மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"மனசு வரல மேடம். சர்க்கரை இறங்கினா என் பொண்ணு படற பாட்டைப் பார்த்தவன் நான். சர்க்கரை கலந்த சத்துத் தண்ணியிலேயே விட்டுட்டேன்."

பூங்கோதை திட்டவில்லை.

"தட்டை செல் வளர்க்கிற பெட்டிக்குள்ள வைங்க. கேன்டீனுக்குப் போலாம்."

கேன்டீனில் மரியதாஸுக்கு இரண்டு ஜிலேபி வந்தது. தின்று முடித்ததும் டீ வந்தது.

"டீ எப்படி சார்?"

"சர்க்கரையே போடல மேடம்."

டீ மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன் சார்! வேணும்னா பாலைக் குறை சொல்லுங்க!"

பூங்கோதை ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தினார்.

"வாயை நல்லா கொப்பளிச்சிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தார். பிறகு ஒரு வாய் குடித்தார்.

"இனிக்குது."

"இனிக்காம?" என்றார் டீ மாஸ்டர்.

மரியதாஸ் மீதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

செல்களைக் கழுவி, சர்க்கரை குறைந்த தண்ணீரில் வைத்தார்.

"பசிக்குமே மேடம்."

"பசிக்கட்டும். நாமதான் பக்கத்துல இருக்கோமே."

இருவரும் காத்திருந்தார்கள். அப்புறம் சர்க்கரை கொடுத்தார்கள். மாலையில் அளந்து பார்த்தால், இன்சுலின் மளமளவென்று ஏறியிருந்தது.

மரியதாஸ் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தார். மறுபடியும் துடைத்தார்.

"மேடம், ஜெனிட்டாவுக்குப் போன் போடட்டுமா? இனிமே ஊசியே வேண்டாம்னு..."

"போடுங்க சார். முதல்ல, சாயங்கால ஊசி போட்டாச்சான்னு கேளுங்க."